கொள்ளிப் பாட்டு

ஜெயக்குமார் சார் பாட ஆரம்பித்தால் பக்கத்து வகுப்பில் ஜன்னலைச் சாத்துவார்கள். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. தன் குரலின் லட்சணம் அவருக்கே தெரியும். தண்ணீர் வற்றிய போர்வெல்லில் மோட்டார் ஓடினால் ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அது. சிறப்பாசிரியர் வேலைக்கு நேர்காணல் எடுத்தவர்கள் அவரைப் பாடச் சொல்லிக் கேட்கவில்லை. டூவீலர் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள். இருந்தது.

பரளச்சியைத் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளி. அதில் முன்பு சத்துணவு அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறைதான் அவர் வகுப்பு. கதவில் 'எலி மருந்து வைத்துள்ளது' என்று எவரோ சாக்பீஸில் எழுதியது அழியாமல் இருந்தது. உள்ளே சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். பேச்சு வராதவர்கள், பேச்சு நிற்காதவர்கள், கூப்பிட்டால் காதில் விழுகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாதவர்கள். "கையைக் கழுவு" என்று இவர்களிடம் பொழுது சாய்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம், ஒரு ஈ காக்கா அசையாது. அதையே கொஞ்சம் இழுத்துப் பாடினால் எழுந்து போய்க் கழுவுவார்கள்.

ஏன் அப்படி என்று மதுரையில் நடந்த பயிற்சியில் ஒரு அம்மா மூளையின் படம் போட்டு விளக்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு அது. ஜெயக்குமாரின் மூளை அப்போது ஓய்வில் இருந்தது. ஆனால் முறை மட்டும் மனதில் தங்கிவிட்டது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரி. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி. வரியைப் பாடும்போதே கை அந்த வேலையைச் செய்யவேண்டும். பொம்மைச் சாமான் கூடாது, நிஜச் சாமான். பிள்ளை பிசகினால் 'தப்பு' என்று சொல்லக் கூடாது. ஒன்றும் சொல்லாமல் முதல் வரிக்குப் போய்த் திரும்பப் பாடு. முடிந்த கையோடு அதற்குப் பிடித்ததைக் கொடு.

மெட்டுக்கு எங்கே போவது என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோது வெங்காய வண்டி வந்தது. வாரம் தவறாமல் அருப்புக்கோட்டையிலிருந்து வரும் மினி வண்டி. ஒலிபெருக்கியில் ஒரு ஆள் பதிவு செய்த குரலில் ராகம் போட்டு வெங்காயம் விற்பார். அன்றைக்கு வண்டி பள்ளியைக் கடக்கும்போது, அதுவரை 'ம்' என்பதற்கு மேல் பேசாத வீரபாண்டி, அந்த அறிவிப்பை முதலிலிருந்து கடைசி வரை, செல்போன் நம்பர் உட்படப் பாடி முடித்தான். வராண்டாவில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா தங்கலட்சுமி உள்ளே ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளை வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் பல்லாரி வெங்காய விலை. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

அன்றிலிருந்து வகுப்பில் எல்லாப் பாட்டும் அந்த ஒரே மெட்டுதான். கை கழுவுகிற பாட்டு, சட்டை போடுகிற பாட்டு, முடி வெட்ட உட்காருகிற பாட்டு, பஸ் ஏறுகிற பாட்டு. இதில் ஒரே ஒரு சிக்கல், வெங்காய வண்டி தெருவில் போனால் மொத்த வகுப்பும் எழுந்து கை கழுவப் போய்விடும். சுத்தம்தானே என்று விட்டுவிட்டார்.

வீரபாண்டிக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. ஆள் நல்ல வாட்டசாட்டம். மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டு முடிந்தால் பிஸ்கட், கடலை மிட்டாய். இவனுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. முடிந்ததும் அவன் அம்மா கைதட்டி, "வீரபாண்டீ" என்று நீட்டிக் கூப்பிடவேண்டும். ஓடிப்போய் அவள் தோளில் முகத்தைத் தேய்ப்பான். பஸ் நேரம் ஒத்துவராததால் எப்படியும் அவள் நாள் முழுக்க வராண்டாவில்தான் இருப்பாள். எனவே பரிசு எப்போதும் கைவசம் இருந்தது.

அந்த வருஷம் சோளம் விளைந்து நின்றபோது தங்கலட்சுமிக்கு வயிற்றில் வலி வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள், மறுபடி போய்வந்தாள். அதற்கப்புறம் போகவில்லை. வீட்டில் இருந்து பிடித்ததைச் சாப்பிடச் சொல்லிவிட்டார்கள் என்று, லீவு விட்டதைப் போலச் சொன்னாள். சேலை உடம்பில் நிற்காமல் நழுவியது.

ஒருநாள் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரிடம் வந்து, இன்னொரு பாட்டுக் கட்டித் தரணும் சார் என்றாள். என்ன பாட்டு என்று கேட்டார். சைக்கிள் ஓட்டுகிற பாட்டாக இருக்கும் என்று நினைத்தார்.

"எனக்குக் கொள்ளி வைக்கிற பாட்டு."

ஜெயக்குமார் சிரித்துவிட்டார். பயிற்சியில் அப்படியொரு பாடம் கிடையாது அக்கா என்றார். அவள் சிரிக்கவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

அவள் சத்தத்தை ஏற்றாமல், பக்கத்து வீட்டுக் கதையைப் போல விஷயத்தைச் சொன்னாள். வீரபாண்டியின் அப்பா ஐயாத்துரை இறந்தபோது அவனைப் பாடை பக்கமே விடவில்லை. கூட்டத்தில் கத்துவான், அசிங்கமாகிவிடும் என்று மாட்டுக் கொட்டத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஐயாத்துரையின் அண்ணன் ஜெகதீஸ்வரனின் மகன் அசோக் கொள்ளி வைத்தான். கருமாதி அன்றைக்கு, வாரிசுக்குக் கட்டுகிற உருமாத் துணியையும் அவன் தலைக்குத்தான் கட்டினார்கள். கொட்டத்துக்குள் இருந்து இவன் நாள் பூராவும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மச்சான் கெட்டவுக இல்ல சார். நாளைக்கு எம்பிள்ளைக்குக் கஞ்சி ஊத்துவாக. ஆனா நாய்க்கு ஊத்துற மாதிரி ஊத்துவாக. இவன் எனக்குக் கொள்ளி வச்சு, ஊரு பாக்க உருமா கட்டிட்டான்னா அப்புறம் ஊர்க்கணக்குல அவன் ஒரு தலைக்கட்டு. கோயில் வரிக்கு அவன் பேரைச் சொல்லித்தான கூப்புடணும். பேரைச் சொல்லிக் கூப்புட்டுட்டா அப்புறம் கொட்டத்துல பூட்ட முடியாதுல்ல."

பூட்ட முடியுமா முடியாதா என்று ஜெயக்குமாருக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் கேட்டது ஊரை மாற்றச் சொல்லி இல்லை, ஒரு பாட்டுதான். சரி என்றார்.

அவருக்குச் சடங்கு எதுவும் தெரியாது. நரிக்குடியிலிருந்து தங்கலட்சுமியின் அண்ணன் இருளப்பசாமியை வரவழைத்தார்கள். ஆடு யாவாரம் செய்கிற மனிதர். தன் தங்கச்சி சாவுக்கு வரிசைக்கிரமம் சொல்லவேண்டும் என்று கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்று ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினார். திரும்பி வந்து, வெயிலு ஓவரு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜெயக்குமார் அதை வெங்காய மெட்டில் உட்கார வைத்தார்.

குடத்தைத் தூக்கு, தோளில் வையி
அம்மாவைச் சுத்தி மெல்ல நட
தண்ணி ஒழுகும், ஒழுகட்டும்
குடத்தைப் பின்னால் போட்டுவிடு
கொள்ளியை வாங்கு, திரும்பி நில்லு
பின்கையாலே தீயை வையி
பாக்காம போ, பாக்காம போ

படுத்திருக்கிற ஆளுக்காக முதலில் ஒரு அரிசி மூட்டையைக் கிடத்தினார்கள். வீரபாண்டி அம்மாவைச் சுத்தி என்ற வரி வந்ததும் மூட்டையை விட்டுவிட்டு வராண்டாவுக்குப் போய், உட்கார்ந்திருந்த அம்மாவைக் குடத்தோடு சுற்றினான். அவன் மீது குற்றம் சொல்ல முடியாது. பாட்டு சொன்னதைத்தான் செய்தான். மறுபடி பாடினார், மறுபடி வெளியே போனான். இருளப்பசாமிதான் முதலில் தலையைக் குனிந்தார்.

"நானே படுத்துக்கிறேன் சார்," என்றாள் தங்கலட்சுமி. "எப்படியும் படுக்கப் போறதுதான."

இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு அதில் ஏறிப் படுத்தாள். சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். கையைக் கோக்கவா, நீட்டவா என்று அண்ணனிடம் கேட்டாள். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

அதற்கப்புறம் வீரபாண்டி பிசகவே இல்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குடம், கொள்ளிக்குப் பதிலாக விளக்குமாற்றுக் கட்டை. தீயைப் பழக்க ஒரு நாள் நிஜமாகவே கொஞ்சம் சோளத்தட்டையைக் கொளுத்திக் கொடுத்தார்கள். தண்ணீர் ஒழுகுகிற வரி அவனுக்கு ரொம்பப் பிடித்தது. மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு பாடினார்கள். பாட்டை முடித்துவிட்டு அவன் திரும்பிப் பார்க்காமல் கதவு வரைக்கும் போய் முதுகைக் காட்டி நிற்பான். அப்போது தங்கலட்சுமி பெஞ்சில் எழுந்து உட்கார்ந்து, கையைத் தட்டி, "வீரபாண்டீ" என்பாள். அவன் பறந்து வருவான். பிடித்ததை உடனே கொடு என்றுதானே முறை. ஜெயக்குமாருக்கு அதில் உறுத்தல் எதுவும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு நன்றாக எந்தப் பாட்டும் ஏறியதில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் தலைமையாசிரியை பிருந்தா மேடம், தண்ணீர் வராத ஊரில் இந்த அறை வாசலில் மட்டும் எப்படி வெள்ளம் என்று கேட்க வந்தார். உள்ளே பிணம் மாதிரி ஒருத்தி படுத்திருக்க, ஒரு பையன் குடத்தோடு சுற்ற, பிள்ளைகள் குதித்துக் குதித்துப் பாட, வாத்தியார் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். சாயங்காலம் ஜெயக்குமாரைக் கூப்பிட்டு விசாரித்தார். கேட்டுவிட்டு, அந்த மாத அறிக்கையில் இதை 'அன்றாட வாழ்வியல் திறன்' என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மறுநாளிலிருந்து அலுவலக அறைக் குடத்தில் பாதித் தண்ணீர் இந்த அறைக்கு வந்தது.

போகப் போக, படுத்தால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஜெயக்குமார் முதுகுக்குப் பின்னால் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். கைதட்டுவது சத்தமே இல்லாமல் இருக்கும். ஆனாலும் கூப்பிடுகிறபோது மட்டும் எங்கிருந்தோ குரல் வந்துவிடும். பிறகு வராண்டாவுக்கு வருவதும் நின்றது.

ஒரு காலையில் இருளப்பசாமி போன் போட்டு, "சார், வந்துருங்க" என்றார்.

ஜெயக்குமார் போனபோது பந்தலுக்கு வெளியே பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஜெகதீஸ்வரன் நிஜமாகவே கெட்டவர் இல்லை. கண் சிவந்து போயிருந்தது. அவருக்குப் பயம், அவ்வளவுதான். பயலுக்கு விவரம் பத்தாது, தீயைப் பார்த்து ஓடினால் செத்தவளுக்குத்தான் கேவலம், அசோக் குளித்துத் தயாராக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய ஆட்கள் தலையை ஆட்டினார்கள். கொட்டத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஜெயக்குமார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் வீரபாண்டி அதற்குள் இல்லை, உறுதியாகப் பந்தக்காலைப் பிடித்து நிற்கிறான் என்று கண்ணில் பட்டது.

"அசோக்கு இருக்கட்டும் மச்சான்," என்றார் இருளப்பசாமி. "போன தடவை அவன் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தான், நானும் கூடத்தான வந்தேன். இந்தத் தடவை பெத்தவன் வைக்கட்டும். பிசகுச்சுன்னா எந்தங்கச்சிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

"பெத்தவன் இல்ல, பெத்த பிள்ளை," என்று யாரோ திருத்தினார்கள்.

"எதுவோ ஒண்ணு. அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

ஜெகதீஸ்வரன் ஒத்துக்கொண்டார். அசோக்கை மட்டும் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார்.

சுடுகாடு ஊருக்குத் தெற்கே, கருவேல மரங்களுக்கு நடுவில் இருந்தது. வீரபாண்டி மொட்டைக்கு ஒழுங்காக உட்கார்ந்தான். வரட்டி அடுக்கி, அவளைக் கிடத்தி, முகம் மட்டும் தெரிய வைத்திருந்தார்கள். மண் குடத்தைக் கையில் கொடுத்ததும் அவன் வாங்கிக்கொண்டு சும்மா நின்றான். ஒன்றும் செய்யவில்லை. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அசோக் ஒரு எட்டு முன்னால் வந்தான்.

பாட்டு இல்லாமல் அவன் எப்படி நடப்பான். ஜெயக்குமார் தொண்டையைச் செருமினார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தன் குரலை நினைத்து வெட்கமாக இருந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவில், அந்த மெட்டில் எடுத்தார். குடத்தைத் தூக்கு, தோளில் வையி.

அந்த மெட்டு அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வாரா வாரம் கேட்கிறதுதான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வீரபாண்டி குடத்தைத் தூக்கினான், சுற்றினான். சிதைக்கு மூட்டம் போடுகிறவர் குடத்தில் அரிவாள் நுனியால் கொத்த, தண்ணீர் பீய்ச்சி அவன் முதுகில் வழிந்தது. சந்தோஷமாக அடுத்த வரியை அவனே எடுத்தான். நல்ல கணீர்க் குரல். குடத்தைப் பின்னால் போட்டான். கொள்ளியை வாங்கினான், திரும்பி நின்றான், பின்கையால் வைத்தான். பாக்காம போ, பாக்காம போ என்று பாடிக்கொண்டே நடந்து, பாதை தொடங்குகிற இடத்தில் முதுகைக் காட்டி நின்றான்.

எப்படி நிற்கிறான் பார், நம்ம பயலுக அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பானுக, இவன் தலையை அசைக்கிறானா பார் என்று ஒரு பெரியவர் சொன்னார். ஜெகதீஸ்வரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அவன் எதற்காக நிற்கிறான் என்று அங்கே ஜெயக்குமாருக்கு மட்டும்தான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில்தான் அவருக்கே தெரிந்தது. பின்னால் தீ பிடித்து எழுந்தது. வீரபாண்டி காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு பாதிச் சிரிப்போடு நின்றான். பெரியவர்கள் கலைந்து குளிக்கப் போனார்கள். அவன் நகரவில்லை. கடைசியில் இருளப்பசாமி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

கருமாதி அன்றைக்கு மாமன் கையால் உருமா கட்டினார்கள். தலைக்கட்டு வரி கேட்கிறவர் வீரபாண்டி ஐயாத்துரை என்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஜெகதீஸ்வரன் அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். கொட்டத்துப் பூட்டைக் கழற்றி எங்கோ எறிந்துவிட்டதாக அசோக் ஜெயக்குமாரிடம் வந்து சொன்னான். தங்கலட்சுமி கேட்டது அத்தனையும் நடந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

அடுத்த வாரம் பெரியப்பா அவனை வகுப்பில் கொண்டுவந்து விட்டுப் போனார். வீரபாண்டி நேராக வந்து இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டான். மூலையிலிருந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தானாகவே முதல் வரியைத் தொடங்கினான். பிள்ளைகள் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார்கள். வெறும் பெஞ்சைச் சுற்றினான், குடத்தைப் போட்டான், விளக்குமாற்றுக் கட்டையால் தீ வைத்தான், கதவுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

யாரும் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பதறாமல் திரும்பி வந்து குடத்தை எடுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். இந்த முறை இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாக. குடம் தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். மறுபடி நின்றான். மறுபடி திரும்பி வந்தான். சுடுகாட்டில் தான் எங்கேயோ பிசகிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருப்பது ஜெயக்குமாருக்குப் புரிந்தது. தப்பு என்று சொல்ல மாட்டார்கள், திரும்ப முதலிலிருந்து பாட விடுவார்கள், அவ்வளவுதானே. அந்த வகுப்பில் அப்படித்தானே பழக்கியிருக்கிறார்.

"வீரபாண்டி," என்று பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். அவன் திரும்பவில்லை. அது அந்தக் குரல் இல்லை.

பக்கத்தில் போய், நீ எல்லாம் சரியாத்தாண்டா செஞ்ச, ஒரு இடத்தில்கூடப் பிசகலை, அம்மா இனிமே வராதுடா என்று சாதாரணமாகச் சொன்னார். தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். வெறும் பேச்சு. அவன் அவரைத் தாண்டிக் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் வரைக்கும் போனது. மற்றப் பிள்ளைகள் அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் ஜெயக்குமார், பாட்டில் தான் எழுதாமல் விட்ட கடைசி வரியை மனதுக்குள் கட்டிப் பார்த்தார். கஷ்டப்படவே வேண்டியிருக்கவில்லை. மெட்டில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அவன் முதுகைக் காட்டி நின்றபோது பக்கத்தில் போய் நின்று பாடினார்.

அம்மா இனிமே எந்திரிக்க மாட்டா.

வீரபாண்டி திரும்பி அவரைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. இன்னொரு வரி இருந்திருக்கிறது, அதைத்தான் விட்டிருக்கிறோம். அவன் அதைத் தெளிவாக, ஒரு எழுத்துச் சிதையாமல் திருப்பிப் பாடினான். அம்மா இனிமே எந்திரிக்க மாட்டா. பிள்ளைகளும் பாடினார்கள்.

பாடிவிட்டு இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினான். ஒவ்வொரு வரிக்கும் கையால் செய்கிறதற்கு ஒரு வேலை உண்டு. இந்த வரிக்கு என்ன செய்யவேண்டும், எதைத் தூக்கவேண்டும், எங்கே வைக்கவேண்டும் என்று சார் காட்டுவார் என்று நின்றான். ஜெயக்குமார் அந்த இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.